எந்த பி.எஃப். ஐயா? ஓய்வுக்காலச் சேமிப்பு: கேள்வி-பதில்

கேள்வி: பி.எஃப். வட்டி இப்போது எவ்வளவு? (ஈரோடு வாசகர்)

எந்த பி.எஃப்.? நீங்களாக அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட்டு வரும் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) என்றால் 7.1 சதவீதம். சம்பளத்தில் பிடிக்கும் இபிஎஃப் (ஊழியர் வருங்கால வைப்பு நிதி) என்றால் 2024-25க்கு 8.25. ஒற்றை வரியில் கடிதம் எழுதினால் இப்படித்தான், நான் இரண்டு பேருக்கான பதிலை எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: எனக்கு 7ஆம் தேதி சம்பளம். 8ஆம் தேதி பிபிஎஃப்-இல் 12,500 ரூபாய் போடுகிறேன். நஷ்டம் உண்டா? (திருப்பூர் வாசகி)

உண்டு. 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. 5ஆம் தேதியைத் தாண்டிப் போட்டால் அந்தத் தவணைக்கு ஒரு மாத வட்டி போச்சு. தவணைக்கு 75 ரூபாய், வருடத்துக்கு 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத் தேதியை மாற்ற முடியாதுதான். ஆனால் மே 8ஆம் தேதி போட்டாலும் ஜூன் 4ஆம் தேதி போட்டாலும் வட்டி ஜூனிலிருந்துதான். அதுவரை பணம் சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும், நாலு காசு அங்கே வரும். மார்ச் தவணையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், அந்த நிதியாண்டுக் கணக்கில் வராமல் போய்விடும்.

கையில் மொத்தமாக இருந்தால், வருட உச்சவரம்பான ஒன்றரை லட்சத்தையும் ஏப்ரல் 5க்குள் போடுங்கள். முதல் வருடமே அதற்கு 10,650 ரூபாய் வட்டி. மாதாமாதம் ஒழுங்காகப் போட்டால்கூட 5,800 சுமார்தான். வரிச் சேமிப்பு நினைவு வந்து மார்ச் 31இல் ஓடிப்போய்ப் போடுகிறவருக்கு அந்த வருடம் சுழி. காசோலை என்றால் பணம் கணக்கில் ஏறிய தேதிதான் கணக்கு, நீங்கள் கொடுத்த தேதி அல்ல.

கேள்வி: ரெப்போ விகிதம் குறைந்தால் பிபிஎஃப் வட்டியும் குறையுமா?

தானாகக் குறையாது. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மத்திய நிதி அமைச்சகம் அறிவிப்பதுதான் வட்டி. 2025இல் ரிசர்வ் வங்கி ரெப்போவைப் பல தடவை குறைத்தது, பிபிஎஃப் அசையவில்லை. அதற்காக 7.1ஐ சாசுவதம் என்று நினைக்க வேண்டாம். 2000க்கு முன்பு இதே கணக்கு 12 சதவீதம் கொடுத்தது.

கேள்வி: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டால், 8.2 சதவீதக் கூட்டு வட்டியில் 5 வருடத்தில் எவ்வளவு ஆகும்? (காரைக்குடி வாசகர்)

30 லட்சமே ஆகும். இதில் கூட்டு வட்டி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். எடுக்காமல் விட்டால் அது குட்டி போடாது. வரியும் உண்டு. நல்ல பக்கம், நீங்கள் சேர்ந்த நாளின் விகிதம் 5 வருடத்துக்கும் மாறாது.

கேள்வி: என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) வட்டி எத்தனை சதவீதம்?

வட்டியே இல்லை. அது சந்தையோடு ஏறி இறங்கும் யூனிட் விலை. யாராவது சதவீதம் சொன்னால் அது போன வருடங்களின் கதை.

கேள்வி: வங்கியில் ஒரு பென்ஷன் பிளான் சொன்னார்கள். வருடம் 1 லட்சம் வீதம் 10 வருடம் கட்டினால், 20ஆம் வருட முடிவில் 20 லட்சம் கியாரண்டி. வருடத்துக்கு 10 சதவீதம் ஆகிறதாம். சேரலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

அந்த 10 சதவீதத்தை எழுதி வாங்கினீர்களா? மாட்டார்கள். அது வாயில் இருக்கும், பத்திரத்தில் இருக்காது.

'10 லட்சம் கட்டினீர்கள், 10 லட்சம் லாபம், 10 வருடத்தால் வகுங்கள்' என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். முதல் தவணை 20 வருடம் அங்கே கிடக்கிறது, கடைசித் தவணையே 11 வருடம் கிடக்கிறது. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு வருவது சுமார் நாலரை சதவீதம். இதே 10 தவணையையும் பிபிஎஃப்-இல் போட்டு, 20 வருடம் எடுக்காமல் விட்டு, வட்டியும் 7.1இலேயே நின்றால் 29 லட்சத்துக்கு மேல். ஒன்பது லட்சத்தை 'கியாரண்டி' என்ற ஒரு சொல்லுக்காகக் கொடுக்கப் போகிறீர்கள். 'நடுவில் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே' என்பார்கள். இன்ஷூரன்ஸ் வேண்டுமென்றால் தனியாக டெர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத, வெறும் ஆயுள் காப்பீடு) எடுங்கள்.

எனக்கு இதில் சொந்தக் கோபம் உண்டு. என் மைத்துனர் ஓய்வு பெற்ற மறுவாரம் மூத்த குடிமக்கள் திட்டப் படிவம் வாங்க ஒரு வங்கிக்குப் போனார். காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். வெளியே வரும்போது கையில் வருடம் 2 லட்சம் கட்டும் பாலிசி. 60 வயசுக்காரர், சம்பளம் நின்றுபோனவர், அடுத்த தவணையை எங்கிருந்து கட்டுவார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எங்களிடம் அவர் சொன்னதே இரண்டாம் தவணை நோட்டீஸ் வந்த பிறகுதான். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பிடித்தம் கொஞ்சம்தான். உங்களுக்கு அந்த 30 நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வாருங்கள்.

கேள்வி: வேலையை விட்டு 4 வருடம் ஆகிறது. வயது 41. மூன்று வருடத்தில் இபிஎஃப் வட்டி நின்றுவிடும் என்கிறார்களே?

அது பழைய விதி, 2016இல் மாறியது. எடுக்காமல் வைத்தால் 58 வயது வரை வட்டி ஏறும். ஆனால் வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு வரி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பாஸ்புக்கில் பென்ஷன் பகுதி என்று தனியாக ஒரு பத்தி இருக்கும், அதற்கு வட்டி கிடையாது. 'வட்டி குறைகிறதே' என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: பிபிஎஃப் 15 வருடம் முடிந்துவிட்டது. படிவம் எதுவும் தராமல் தொடர்ந்து போட்டு வருகிறேன். வட்டி வருமா? (நாகர்கோவில் வாசகி)

பழைய இருப்புக்கு வரும். நீட்டிப்புப் படிவம் தராமல் புதிதாகப் போட்ட பணத்துக்கு வராது. முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் தர வேண்டும். கணக்கு எப்போது முதிர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. தொடங்கிய நாளிலிருந்து 15 வருடம் எண்ணாதீர்கள்: 2010 ஆகஸ்டில் தொடங்கிய கணக்கு 2026 மார்ச்சோடுதான் முடிகிறது. பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். ஓராண்டு தாண்டவில்லை என்றால் நாளைக் காலையிலேயே படிவம் கொடுங்கள். தாண்டியிருந்தால் அந்தப் பணத்தையாவது திருப்பிக் கேளுங்கள்.