எண்ணிக்கை பொருந்துகிறது, வரிசை பொருந்தவில்லை

கேள்வி: நான்குமுனைச் சிக்னல் ஒன்றை விஸ்ஸிமில் (போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) மாடல் செய்தேன். மாடலின் வண்டி எண்ணிக்கை நேரில் எண்ணியதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் ஜிஇஹெச் மதிப்பு, எல்லாத் திருப்பங்களிலும் 5-க்குள், அதாவது பாஸ். ஆனால் மாலையில் 200 மீட்டர் நிற்கும் வரிசை, மாடலில் 60 மீட்டரைத் தாண்டவில்லை. எங்கே தவறு?
– பொறியியல் மாணவி, கோவை

பதில்: வண்டிகளை ஸ்டாப் லைனில் எண்ணினீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். பச்சை முடிந்தும் வரிசை தீராத நேரத்தில் கோட்டைக் கடப்பவை, சிக்னல் விட்ட வண்டிகள். வந்த வண்டிகள் அல்ல. அந்த எண்ணையே உள்ளீடாகக் கொடுத்தால் மாடல் அப்படியே வெளியே தள்ளிவிடும். தேங்கவேண்டியவை உள்ளே வந்திருக்கவே மாட்டா. வரிசையின் வாலுக்கும் பின்னால் எண்ணுங்கள். முடியாதென்றால் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும், கடந்த வண்டிகளோடு வரிசையில் கூடியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், குறைந்திருந்தால் கழியுங்கள்.

ஜிஇஹெச் தாராளமான வாத்தியார். மணிக்கு 200 வண்டி போகும் திருப்பத்தில் மாடல் 275 காட்டினாலும் மதிப்பு 4.87தான், பாஸ்!

அடுத்து, பச்சை விழுந்ததும் வண்டிகள் வெளியேறும் வேகம். வீடியோ எடுத்து, 5 விநாடிக்கு ஒருமுறை வகைவாரியாக எண்ணுங்கள். நம் ஊரில் டூவீலர்கள் இடுக்கில் புகுந்து முன்னால் வந்து நிற்பதால் முதல் சில விநாடிகளிலேயே கொத்தாகப் பாயும். விஸ்ஸிமின் இயல்பு அமைப்பு ஒரு லேனில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்தும். லேனுக்குள் எங்கும் ஓடவும், ஒரே லேனில் இருபுறமும் முந்தவும் அனுமதித்து, வைர வடிவ வரிசையையும் (வண்டிகள் நேர்க்கோட்டில் நிற்காமல் இடுக்குகளில் நெருங்கி நிற்பது) இயக்குங்கள். முன்வண்டியிலிருந்து எவ்வளவு இடைவெளி விடுவது என்று தீர்மானிக்கும் வீடமான் 74 மாடலின் இயல்பு எண்களை (நிற்கும் இடைவெளி 2 மீட்டர்; பாதுகாப்பு இடைவெளியின் கூட்டுப் பகுதி 2, பெருக்குப் பகுதி 3) அதற்குப் பிறகு தொடுங்கள். இவற்றைக் குறைத்தால் கொள்ளளவு கூடும். உள்ளீட்டைத் திருத்தாமல் இவற்றை ஏற்றியே 200 மீட்டரை வரவழைப்பவர்கள் உண்டு. காலை நேரத் தரவைக் கொடுத்ததும் குட்டு வெளிப்படும்.

கேள்வி: மாடலின் ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறுகிறது. எத்தனை முறை ஓட்டுவது?
– வாசகர், திருச்சி

பதில்: வெவ்வேறு ரேண்டம் சீடுகளோடு (தற்செயல் எண்களின் தொடக்க எண்கள்) முதலில் 5 முறை. பயண நேரத்தின் திட்டவிலக்கம் 6 விநாடி, ஏற்கும் பிழை 5 விநாடி என்றால், 95 சதவீத நம்பகத்துக்கு 2.776 (5 ஓட்டத்துக்கான புள்ளியியல் டி-மதிப்பு) × 6 ÷ 5, அதன் வர்க்கம் 11.1. ஆக 12 ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்திலும் தொடக்க 15 நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது சாலை காலியாகவே இருக்கும்.