தாது வருஷம் தந்த ரயில்

கேள்வி: கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பஸ்ஸுக்காக நின்றபோது, "இந்த ஊருக்கு அந்தக் காலத்தில் ரயில் வந்ததாம்" என்றேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் நம்பவில்லை. "மாவட்டத் தலைநகராகியும் ரயில் நிலையம் இல்லாத ஊர் இது, அம்மா" என்கிறான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான், சகோதரி. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 25 மைல். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். மறு ஆண்டே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் அதேபோல ஒரு சின்ன ரயில் வந்தது. 1913-இல் அது ஓசூர் வரை போயிற்று.

இவை எதற்காகப் போடப்பட்டன என்பதை உங்கள் மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் சுடுகாடாகிப் போனது. ரயில் தொட்ட ஊர் வரை தானியம் வந்துவிடும். அங்கிருந்து உள்ளே கொண்டுபோக மாடு வேண்டுமே. தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மாடுகளும் செத்துக் கிடந்தன. அடுத்த பஞ்சத்தில் அப்படி நேரக்கூடாது என்றுதான் வறண்ட ஊர்களுக்குப் பாதை போட்டார்கள். நம் ஊருக்கு வந்த ரயில், பசியால் மடிந்தவர்கள் பெற்றுத் தந்தது. அதனால்தான் அது போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

என் அப்பா கிருஷ்ணகிரி பழையபேட்டைப் புளி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ரயில் பேச்சு எடுத்தாலே திருப்பத்தூரில்தான் போய் நிற்பார். அங்கே பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி. நம் பெட்டி அதில் ஏறாது. மூட்டை மூட்டையாக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். இரட்டைக் கூலி, சிந்துகிற புளி வேறு. "லாரி வந்ததும் மண்டி வாசலில் ஏற்றி, மண்டி வாசலில் இறக்கினோம். பிறகு ரயிலை யார் தேடினார்கள்?" என்பார். நாடு விடுதலை அடையும் முன்பே இரண்டு பாதைகளும் மூடப்பட்டுவிட்டன.

தருமபுரிக்கு 1960-களின் இறுதியில் சேலம் - பெங்களூர் பாதையால் மறுபடி ரயில் கிடைத்தது. மொரப்பூர் - தருமபுரி 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கும் 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரி 2004-இல் மாவட்டத் தலைநகர் ஆனது. சென்னை, பெங்களூர், சேலம் என்று எல்லாப் பக்கச் சாலைகளும் வந்து சேருகிற ஊர். ரயில் மட்டும் திரும்பி வரவில்லை. சாலை இருக்கிறதே, ரயில் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன்; மாங்காய்ப் பருவத்தில் இங்கே வந்து லாரி வரிசையைப் பார்க்கட்டும்.

ஒன்று செய்யுங்கள். மகனை அழைத்துக்கொண்டு பழையபேட்டைக்குப் போங்கள். எண்பதைத் தாண்டிய மண்டிக்காரர் ஒருவரிடம், "உங்கள் அப்பா புளி வண்டியை ரயிலுக்கு எந்த வழியாக ஓட்டிப் போவார்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை மகனே குறித்துக்கொண்டு எனக்கும் ஒரு கடிதம் போடட்டும்.