டபுள் எட்ஜ் ரேசருக்கு மாறிய பிறகு கழுத்தில் எரிச்சல், தோலுக்குள் சுருளும் முடி: எதை மாற்றுவது?

கேள்வி இதுதான்: மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டுப் பழைய பாணி டபுள் எட்ஜ் ரேசருக்கு மாறியிருக்கிறீர்கள். கன்னம் பரவாயில்லை. கழுத்து மட்டும் ஷேவ் செய்த கையோடு எரிகிறது, இரண்டு மூன்று நாளில் சின்னக் கட்டிகள் கிளம்புகின்றன, சிலவற்றின் நடுவே சுருண்ட முடி தெரிகிறது. ரேசரை மாற்றுவதா, பிளேடை மாற்றுவதா?

இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம், மாற வேண்டியது கை. அதற்கு முன், இவை இரண்டும் வேறு வேறு தொல்லைகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உடனே வரும் எரிச்சலும் சிவப்பும் தோலின் மேலடுக்கு சுரண்டப்படுவதால் வருபவை. அழுத்தம், கோணம், காய்ந்த நுரை, மழுங்கிய பிளேடு என நான்கில் ஒன்று காரணமாக இருக்கும். நாள் கழித்து வரும் கட்டிக்கு முடிதான் காரணம். வெட்டுப்பட்ட நுனி ஊசி போலக் கூராக இருக்கும். சுருட்டை முடி என்றால் அது வெளியே வந்து வளைந்து பக்கத்துத் தோலிலேயே குத்தி இறங்கும். இல்லையென்றால், தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி வெளியே தலைகாட்டாமல் வேர்க்குழியின் சுவரைத் துளைத்துப் பக்கவாட்டில் போகும். எப்படி நுழைந்தாலும் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து வீங்க வைக்கிறது. தோல் மருத்துவர்கள் இதை சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்பார்கள்.

பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அடுத்தது வெட்டும், மிச்சம் உள்ளே போய்விடும். டபுள் எட்ஜில் இரண்டு பக்கமும் விளிம்பு இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தோலில் படும். இந்த இழுப்பு இல்லை என்பதால்தான் அதற்கு மாறச் சொல்கிறார்கள். ஆனால் தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, எதிர்வாட்டமாக (முடி வளரும் திசைக்கு எதிராக), அழுத்தி வழித்தால் ஒற்றை பிளேடும் அதே காரியத்தைச் செய்துவிடும். உங்கள் கழுத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

அழுத்தத்தை முதலில் பார்ப்போம். கார்ட்ரிட்ஜின் தலை அசைந்து கொடுக்கும், அதனால் கை அழுத்திப் பழகிவிடுகிறது. டபுள் எட்ஜில் தலை அசையாது, நீங்கள் தருகிற அழுத்தம் முழுவதும் தோலில் இறங்கும். கைப்பிடியின் அடிப்பாகத்தை இரண்டு மூன்று விரல் நுனியால் மட்டும் பிடியுங்கள். உலோக ரேசரின் சொந்த எடையே வெட்டப் போதும். பிளாஸ்டிக் கைப்பிடி ரேசர் எடை இல்லாததால் தானாகவே அழுத்தத் தோன்றும். அதில் பழகுவது கொஞ்சம் சிரமம்தான்.

கோணம்: ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் படுக்க வையுங்கள், கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடு தோலைத் தொட்டும் தொடாமலும் வரும்வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அளக்க வேண்டாம், காதே சொல்லிவிடும். சரியான கோணத்தில் முடி அறுபடும் சரசரப்பு தெளிவாகக் கேட்கும். சத்தமே இல்லாமல் இழுத்துக்கொண்டு போனால் ஒன்று கோணம் தப்பு, இல்லை பிளேடு போய்விட்டது.

பலர் கவனிக்காத ஒன்று, பிளேடு பொருத்தும் விதம். மூன்று பாக ரேசரில் மேல்மூடியைக் கவிழ்த்து, பிளேடை வைத்து, அடித்தட்டை மேலே அமர்த்தி, பிளேடின் வெட்டாத குறுகிய ஓரங்களைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முறுக்குங்கள். பிறகு தலையை நேராக வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் துருத்தியிருந்தால் அந்தப் பக்கம் தோலை அள்ளும், மறுபக்கம் வெட்டாது. “ஒரு பக்கம்தான் எரிகிறது” என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குளித்த பிறகு ஷேவ் செய்யுங்கள், அல்லது முகத்தை வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைய விடுங்கள். நீர் குடித்த முடி எளிதில் அறுபடும். காய்ந்த முடி பிளேடோடு மல்லுக்கட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோலின் எண்ணெய்ப் பசை போய் எரிச்சல் கூடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு நுரைக்காது, திரித்திரியாக நிற்கும். ஷேவுக்கு மட்டும் ஒரு குவளை குடிதண்ணீரோ மழைநீரோ எடுத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும். க்ரீம் பாதாம் அளவு போதும். பிரஷ்ஷில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து ஒரு நிமிடமாவது குழையுங்கள். குமிழியாகப் பொங்கி நிற்கும் நுரை பார்க்க நன்றாக இருக்கும், வழுக்காது. கடைந்த தயிர் பதத்தில், பளபளப்பாக, விரலுக்கிடையே வழுக்க வேண்டும்.

அடுத்தது வாட்டம், அதாவது முடி வளரும் திசை. கழுத்தைப் பொறுத்தவரை பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது. கன்னத்தில் முடி கீழ்நோக்கி வளர்வதால் கழுத்திலும் அப்படித்தான் என்று நினைத்து மேலிருந்து கீழே இழுக்கிறோம். பலருக்குக் கழுத்தின் அடியில் முடி மேல்நோக்கியோ, காதுப்பக்கம் பக்கவாட்டிலோ, சிலருக்குச் சுழியாகவோ வளரும். இரண்டு நாள் முடி வளர விட்டு, பஞ்சுத் துண்டை நான்கு திசையிலும் மெல்லத் தடவிப் பாருங்கள். எந்தத் திசையில் பஞ்சு சிக்கி இழை விடுகிறதோ அது எதிர்வாட்டம். அதற்கு நேரெதிர்த் திசையில்தான் பிளேடு போக வேண்டும். இடது கழுத்தும் வலது கழுத்தும் ஒரே மாதிரி இருக்காது, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஷேவ் செய்யும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே போகும் சிறு இழுப்புகள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பிளேடை அலசுங்கள். நுரை இல்லாத இடத்தில் “இன்னும் ஒரு தடவை” என்று இழுக்காதீர்கள், எரிச்சலில் பெரும்பங்கு அந்தக் கூடுதல் இழுப்பில்தான் இருக்கிறது. தோலைச் சுருக்கம் போகும் அளவு மட்டும் விரலால் பிடியுங்கள். கன்னத்தில் முதல் சுற்று வாட்டத்தோடு, மறுபடி நுரை போட்டு இரண்டாவது சுற்று குறுக்காகப் போகலாம். கழுத்தில் வாட்டத்தோடு ஒரே சுற்று, அத்தோடு நிறுத்துங்கள். தடவினால் கொஞ்சம் சொரசொரக்கும், இருக்கட்டும். கழுத்தும் கன்னம் போல மழமழவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையை விடாதவரை உங்களுக்குக் கட்டி நிற்காது.

பிளேடு மூன்று முதல் ஐந்து ஷேவ் வரை வரும், அடர்ந்த தாடிக்கு அதற்கும் குறைவு. இழுக்கத் தொடங்கினால் அன்றே தூக்கிப் போடுங்கள். டபுள் எட்ஜ் பிளேடு விலையில் இது கணக்கே இல்லை. துண்டால் விளிம்பைத் துடைக்காதீர்கள், மழுங்கிவிடும். அலசி உதறிக் காய வைத்தால் போதும்.

முடிந்ததும் குளிர்ந்த நீர், பிறகு ஈரத் தோலில் படிகாரக் கல். படிகாரத்துக்கு இன்னொரு பயன் உண்டு: எங்கே சுரீர் என்கிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள், அப்படியே காய விட்டால் தோல் வறண்டு இழுக்கும். அதன் மேல் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ் கட்டி உள்ள கழுத்துக்கு ஆகாது.

இப்போது இருக்கும் கட்டிகள் ஆறும்வரை, அதாவது மூன்று நான்கு வாரம், கழுத்தில் பிளேடே வேண்டாம். டிரிம்மரால் 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒத்தடம் கொடுத்து, வளையம் போல வெளியே தெரியும் முடியின் நுனியை மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் நெம்பி விடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கிய இடத்தில் புதிதாக முளைக்கும் முடி வேர்க்குழிக்குள்ளேயே சுவரைக் குத்தக்கூடும். வெளியே தெரியாத முடியைத் தோண்டினால் தழும்புதான் மிச்சம். இரவில் 2 சதவீத சாலிசிலிக் அமிலம் வாரம் இரண்டு மூன்று நாள் போடலாம், ஷேவ் செய்த அன்று மட்டும் வேண்டாம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைத் தொடாதீர்கள். சிவப்பு இரண்டு நாளில் அடங்கும், ஆனால் தோல் மெலியும். அந்தச் சிவப்பு உண்மையில் படர்தாமரையாக இருந்தால் அது பரவிவிடும்.

சலூனுக்குப் போனால், கத்தியில் புதிய பாதி பிளேடைக் கண்ணெதிரே மாற்றச் சொல்லுங்கள். “கழுத்துல ரிவர்ஸ் வேண்டாம்ணே, ஒரே கை போதும்” என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் எதிர்வாட்டமாக இரண்டாவது கை போட்டுவிடுவது வழக்கம்.

சீழ் வைத்தாலோ, கட்டி கெட்டியாகித் தழும்பாக மேலெழுந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முடியையே குறைக்க லேசர் செய்யலாம் என்று அவர் சொன்னால், கருமையான தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் வகை லேசர்தான் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. எந்த லேசர் என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.