சந்தை கூடும் நேரம்

கேள்வி: எனக்கு 28 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டை. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாகத் தனியாளாக ஆப் செய்கிறேன். கடன் கணக்கு எழுதும் ஆப் ஒன்றில் மாதம் ஏழாயிரம் ரூபாய் போல வருகிறது. என் கனவெல்லாம் நான்கு பேர் ஆன்லைனில் ஆடும் தாயம்தான். வெளியிட்டு ஐந்து மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு 40 பேர் வருகிறார்கள். கூட ஆட ஆள் கிடைக்காமல் பத்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். பணம் வைத்து ஆட விட்டால் கூட்டம் வரும் என்கிறான் நண்பன். “எப்பப்பா வேலைக்குப் போகப் போற?” என்று அப்பா தினமும் கேட்கிறார். விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

அன்புத் தம்பி,

விட வேண்டாம். ஆனால் இப்போது செய்வதை இப்படியே இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

அந்த 40 பேரிலிருந்து ஆரம்பிப்போம். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் 400 நிமிடம். காலை 7 மணியிலிருந்து இரவு 11 வரை 960 நிமிடம் இருக்கிறது. அந்த 400 இந்த 960-இல் சிதறிக் கிடந்தால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சராசரியாக அரை ஆள்கூட இருக்காது. தாயத்துக்கு நான்கு பேர் வேண்டும். அதே 40 பேர் இரவு 9 மணியிலிருந்து 9.30-க்குள் வந்தால்? எந்த நிமிடத்திலும் 13 பேர். மூன்று ஆட்டம் ஒரே நேரத்தில் ஓடும். உங்கள் பேட்டைக்கே செவ்வாய்ச் சந்தையால் வந்த பெயர்தான். சந்தை நாள் முழுக்க, வாரம் முழுக்கக் கூடுவதில்லையே. ‘தினமும் இரவு 9 மணிக்குத் தாயம்’ என்று ஆப்பின் முகப்பிலேயே எழுதுங்கள். 8.55-க்கு ஒரு அறிவிப்பு போகட்டும்.

மற்ற நேரத்தில் வருபவரையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. தாயம் முறை வைத்து ஆடுவது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்பதில்லை. காலையில் ஒருவர் உருட்டட்டும், அடுத்தவர் முறை வந்ததும் அவர் போனில் மணி அடிக்கட்டும். இன்னொன்று, குறியீடு சொல்லி நுழையும் குடும்ப அறை. மேட்டூரில் பாட்டி, திருப்பூரில் சித்தி, சேலத்தில் பேரன் என்று ஆடுபவர்களுக்கு அந்நியர் வந்து சேரக் காத்திருக்கும் பாடே இல்லை. கணினியை ஆட விட்டால் ‘இது கணினி’ என்று வெளிப்படையாகக் காட்டிவிடுங்கள். மனிதர் என்று நம்பி ஆடியவருக்கு உண்மை தெரிந்தால் திரும்ப வர மாட்டார்.

கட்டை உருட்டுவது சர்வரில், அதாவது ஆட்டத்தை நடத்தும் உங்கள் பக்கத்துக் கணினியில்தான் நடக்க வேண்டும், ஆடுபவரின் போனில் அல்ல. திண்ணையில் ஆடும்போதே ‘கையை மறைச்சு உருட்டுறா’ என்று சண்டை வரும். போனில் உருட்டினால் ஆப்பைத் திருத்தி நினைத்தபோதெல்லாம் தாயம் போட்டுக்கொள்ளும் ஆள் ஒருநாள் வந்தே தீருவான். இந்த ஆட்டத்துக்கு மும்பையில் ஒரு சின்ன சர்வர் போதும். நான் தனியாளாக ஆப் செய்த நாட்களில், வராத கூட்டத்துக்காகப் பெரிய சர்வர் எடுத்து, சேமிப்பைக் கரைத்தேன். அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம். ஐபோனுக்கும் இப்போது போக வேண்டாம். ஆப் வெளியிடும் கணக்குக்குக் கூகுளுக்கு 25 டாலர் ஒரே முறை. ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர்.

பணம் வைத்து ஆடும் பேச்சை இன்றோடு விடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் அதைத் தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று அது பார்ப்பதில்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். சட்டமே இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடுத்தவர் வீட்டு அடுப்பை அணைத்து வரும் காசு அது.

இனி அப்பா. அவர் கேட்பதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. அவர் பட்டறையில் கம்பி இழுக்க ஒருவர், பற்றவைக்க ஒருவர், மெருகு போட ஒருவர் இருப்பார்கள். நீங்கள் அத்தனையையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறீர்கள். வெளியே தெரிவது திரையைப் பார்த்தபடி ஒரு பையன், அவ்வளவுதான். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி மாதம் முடிந்ததும் அவர் கையில் கொடுங்கள். குறைவாக இருந்தாலும் கொடுங்கள்.

உங்களுக்குச் சோறு போடுவது அந்தக் கணக்கு ஆப். அதை மாற்றாந்தாய்ப் பிள்ளை போல வைத்திருக்கிறீர்கள். காலை நேரத்தை அதற்குக் கொடுங்கள், தாயம் மாலைக்கு. பட்டறையில் வேலையாளிடம் எவ்வளவு வெள்ளி எடை போட்டுக் கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு பாக்கி என்ற கணக்கை அப்பா எப்படி எழுதுகிறார் என்று ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதை அப்படியே ஆப்பில் கொண்டுவாருங்கள். எங்கே தப்பு என்று அவர் சொல்லட்டும். செவ்வாய்ப்பேட்டையில் அந்த ஆப்பைக் காட்ட நீங்கள் ஏறி இறங்க வேண்டிய படிகள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேலை. சிக்னல் அறுந்து போனவரின் இடத்தை உங்கள் ஆட்டம் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டில் இருப்பவர்களோடு ஆடிக்கொண்டே மலை ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. எத்தனையாவது வளைவில் ஆட்டம் அறுந்தது, விட்ட காய் விட்ட கட்டத்திலேயே நின்றதா என்று எனக்கு எழுதுங்கள்.