நோய் தாங்கும் நெல்லில் மகசூல் குறையுமா?

கேள்வி: சம்பாவுக்கு பி.பி.டி. 5204 (சம்பா மசூரி) நெல் நடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைக்கருகல் விழுந்துவிடுகிறது. நோய் தாங்கும் ரகத்துக்கு மாறினால் கண்டுமுதலும் குறையும், சோறும் ருசிக்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பாபநாசம்

பதில்: அவர்கள் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஆனால், பழி பெரும்பாலும் நோயைத் தாங்க வைக்கும் எதிர்ப்பு மரபணுவின் மேல் தவறாக விழுகிறது.

காட்டு நெல்லிலிருந்தோ பழைய ரகத்திலிருந்தோ கலப்பின் வழியே வரும் மரபணு தனியாக வருவதில்லை. அதையொட்டி இருப்பவையும் கூடவே வருகின்றன. ஜப்பானிய மேட்டுநில நெல்லில் குலைநோயைத் (பூஞ்சை நோய்) தாங்க வைக்கும் பி.ஐ.21 என்ற மரபணு அப்படித்தான் ருசியில்லாத சோற்றோடு சேர்ந்தே வந்தது. ருசியைக் கெடுத்தது பக்கத்து மரபணு என்பது 2009-இல் உறுதியாகி, இரண்டும் பிரிக்கப்பட்ட பிறகே அந்தக் குறை நீங்கியது. எதிர்ப்பு மரபணுவே செடிக்குச் சுமையாவதும் உண்டு: அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், நோயே இல்லாத வயலில், ஆர்.பி.எம்.1 மரபணு விதையை ஏறத்தாழ 9 சதவீதம் குறைத்தது.

உங்கள் ரகத்திலேயே எக்ஸ்.ஏ.5, எக்ஸ்.ஏ.13, எக்ஸ்.ஏ.21 ஆகிய மூன்று பாக்டீரியா இலைக்கருகல் எதிர்ப்பு மரபணுக்களையும் சேர்த்து, நான்கு முறை பின்கலப்புச் செய்து (மூல ரகத்தோடே மீண்டும் கலந்து), ஹைதராபாத் ஆய்வாளர்கள் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளியானது. அதன் விளைச்சலும் சன்ன அரிசியும் மூல ரகத்தை ஒத்தவை. இதில் எக்ஸ்.ஏ.13 என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சர்க்கரையைக் கடத்தும் ஒரு மரபணுவைத் தூண்டித்தான் பாக்டீரியா செடிக்குள் பெருகுகிறது. மகரந்தம் உருவாகவும் அதே மரபணு தேவை என்பதால், அதை முழுவதுமாக முடக்கினால் கதிர் பதராகிவிடும். எக்ஸ்.ஏ.13 அந்த மரபணுவின் மாறிய வடிவம்; அதில் மாறியிருப்பது மரபணுவை இயக்கும், பாக்டீரியா தொடும் விசைப்பகுதி மட்டுமே. மணி பிடிப்பதற்கு இடையூறில்லை.

  

ஆனால், மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி குலைநோயையோ துங்ரோ என்ற வைரஸ் நோயையோ தாங்காது. ஆகவே முதலில் நோயை உறுதி செய்யுங்கள். நுனியிலிருந்து ஓரமாக, நெளிநெளியாக மஞ்சளித்து இறங்கும் இலையைக் காலையில் நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுமுனை அமிழும்படி நிறுத்துங்கள். சில நிமிடங்களில் பால்போல் வெண்ணிழை இறங்கினால் அது பாக்டீரியாதான். அப்படியானால் மேலுரமாக யூரியா போடுவதை உடனே நிறுத்துங்கள். அடுத்த சம்பாவுக்கு ஒரு மா நிலத்தில் மட்டும் புதிய ரகத்தை நட்டு, கண்டுமுதலையும் சோற்றையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.