மின்சார கார்: இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி (தாம்பரம்): அண்ணா, சாலிட் ஸ்டேட் பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் கொண்ட புதுவகை பேட்டரி) வரப்போகிறது என்கிறார்கள். இப்போது வாங்கினால் ஏமாந்துவிடுவேனா? சொந்த வீடு, சிறுசேரிக்கு வேலைக்குப் போய்வர தினமும் 50 கி.மீ.

பதில்: தம்பி, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். டொயோட்டா 2027-28 என்று இலக்கு வைத்திருக்கிறது. வந்தாலும் முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வரும். நம் பன்னிரண்டு, பதினைந்து லட்ச ரூபாய் வண்டிக்கு வர இன்னும் நாளாகும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 என்றால் கிலோமீட்டருக்கு ஆறேமுக்கால் ரூபாய் போகிறது. மின்சார கார் ஒரு யூனிட்டில் சுமார் 7 கி.மீ. ஓடும். வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் மிச்சம் 75,000 ரூபாய்க்கு மேல். பெட்ரோல் காரைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் மூன்று, நான்கு லட்சம் நான்கைந்து ஆண்டில் திரும்பிவிடும். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதமோ 8 ஆண்டு. தாராளமாக வாங்குங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். காருக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 350, 400 யூனிட் ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மின்கட்டணப் படியே மாறி, யூனிட் விலை கூடிவிடும். ஒன்றரை ரூபாய் என்று நான் சொன்னது அதையும் சேர்த்துத்தான்.

கேள்வி (போரூர்): அடுக்குமாடியில் இருக்கிறோம். பார்க்கிங்கில் பிளக் வைக்க அசோசியேஷன் இன்னும் சம்மதிக்கவில்லை. முதலில் காரை வாங்கிவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாமா சார்?

பதில்: வேண்டாம்மா. முதலில் எழுத்தில் அனுமதி, அப்புறம் வயரிங், கடைசியாகத்தான் கார். உங்கள் மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து 15 ஆம்பியர் பிளக், எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த் போட்டுத் தருகிறோம் என்று எலக்ட்ரீஷியனையே கூட்டத்துக்கு அழைத்துப்போய்ப் பேசவையுங்கள். பெரும்பாலோருக்கு இருப்பது தீ பற்றிய பயம்தான். அது நியாயமான பயம். நீளமான எக்ஸ்டென்ஷன் கார்டை மாடியிலிருந்து தொங்கவிட்டு சார்ஜ் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கே பதறுகிறது. அந்த வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளியில் ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பினால் பல இடங்களில் யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் ஆகும். லாபத்தில் கால் பங்குக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். காத்திருக்கும் நேரம் வேறு. அனுமதி கிடைக்கும்வரை பொறுங்கள்.

கேள்வி (காரைக்குடி): ஓய்வுபெற்றவன். வாரம் ஒருமுறை பிள்ளையார்பட்டி, எப்போதாவது மதுரை. பெட்ரோல் கார் நன்றாகவே ஓடுகிறது. மின்சார காருக்கு மாற்றலாமா?

பதில்: ஐயா, மாற்றாதீர்கள். ஆண்டுக்கு 3,000 கி.மீ.கூட வராது, மிச்சமாவது 15,000 ரூபாய்தான். பேட்டரி விலை 2010-இல் ஒரு கிலோவாட் மணிக்கு (அதாவது ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கும் திறனுக்கு) 1,000 டாலருக்கு மேல் இருந்தது, 2024-இல் 115 டாலர். இன்னும் இறங்கும். காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டமே இல்லை.

கேள்வி (சென்னை): மதுரைக்கு ஒரே சார்ஜில் போக முடியுமா?

பதில்: 460 கி.மீ., நடுத்தர விலை கார்களில் முடியாது. நிறுவனம் சொல்லும் தூரத்தில் 65, 70 சதவீதம்தான் நெடுஞ்சாலையில் கைக்கு வரும். 2020-இல் வந்த டாடாவின் முதல் நெக்ஸான் இவி மின்சார காருக்கு 312 கி.மீ. என்று சொன்னார்கள், நிஜத்தில் 200 சொச்சம்தான். இன்றைய 45 கிலோவாட் மணி வண்டி என்றால் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒருமுறை, திருச்சி தாண்டி ஒருமுறை நிறுத்துங்கள். முதல் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்தது எங்கே என்று கிளம்புமுன்பே பார்த்துவைப்பது நல்லது.

கேள்வி (ஈரோடு): பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டம் லாபமா?

பதில்: எம்ஜி வின்ட்ஸர் மின்சார கார் 2024-இல் வந்தபோது பேட்டரி வாடகை கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். மின்சாரத்தையும் சேர்த்தால் ஐந்து ரூபாய் ஆகிவிடும், பெட்ரோலுக்கு அருகில் போய்விடுகிறது. கையில் முன்பணம் குறைவு என்றால் மட்டும் யோசிக்கலாம். ஒரு மாதம் ஓடும் தூரத்தைக் குறித்து அனுப்புங்கள், சேர்ந்தே கணக்குப் போடுவோம்.