செங்காந்தள் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லையே?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் செம்மண் காட்டில் அரை ஏக்கர் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு, போட்டிருக்கிறேன். விதைக்கிழங்கு ஒட்டன்சத்திரத்தில் வாங்கியது. ஆடியில் நட்டேன், புரட்டாசியிலிருந்து பூத்துக் குலுங்குகிறது. ஆனால் பத்துப் பூவுக்கு ஒரு காய் தேறுவதே பெரும்பாடாக இருக்கிறது. உரம் கூட்டிப் போடலாமா? நர்சரியில் இதையே குளோரி லில்லி என்கிறார்கள், இது லில்லி வகைதானா?

பதில்: உரத்தைக் கூட்டாதீர்கள் அண்ணே. கொடியில் குறை இல்லை, பூவின் அமைப்பே அப்படி.

காலையில் ஒரு பூவைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்கள் வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும். நடுவில் பச்சைச் சூலகம். அதிலிருந்து கிளம்பும் சூல்தண்டு நேராகப் போகாமல், அடியிலேயே மடங்கி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி மூன்றாகப் பிளந்திருக்கும், அதுதான் சூல்முடி. தன் பூவின் மகரந்தம் தன் மேலேயே விழாதபடி விலகி நிற்கிறது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து தொட்டால்தான் உண்டு. அரை ஏக்கரில் ஒரே நேரத்தில் இத்தனை பூ பூத்தால் அவற்றுக்குக் கட்டுப்படியாகாது.

ஆகவே கையால்தான் சேர்க்க வேண்டும். காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள், பனி காய்ந்ததும் தொடங்குங்கள். அன்று விரிந்த பூவில் மகரந்தப்பை வெடித்து மஞ்சள் தூள் தெரியும். அந்தத் தாளைக் கிள்ளி, பக்கத்துக் கொடியில் இருக்கும் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். சின்ன பெயிண்ட் பிரஷ் இருந்தால் வேலை இன்னும் சுலபம். தினமும் புதுப் பூ விரியும் என்பதால் தினமும் போக வேண்டும். ஐப்பசி மழையில் தூள் நனைந்துவிடும், அதனால் வெயில் அடிக்கும் காலையை விட்டுவிடாதீர்கள். பூத்திருக்கும்போது காலையில் மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள்.

திருப்பரங்குன்றத்து முருகனைப் பாடும் திருமுருகாற்றுப்படை, அவன் தலையில் சூடிய காந்தளை வண்டும் மொய்க்காத சுடர்ப்பூ என்கிறது. உங்கள் காட்டில் நீங்கள் பார்ப்பதை நம் ஆட்கள் என்றைக்கோ கவனித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக நாளாகச் சிவந்து, இதழ்கள் மேல்நோக்கி வளைந்து தீக்கொழுந்து மாதிரி நிற்பதால் சுடர். விரித்த கை போலவும் தெரிவதால் பெண்களின் விரலுக்கு இதை உவமை சொன்னார்கள். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ, கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான், ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயும் இதைத்தான் தேசிய மலராக வைத்திருக்கிறது.

முன்பு லில்லிக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள், இப்போது தாவரவியலில் தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். பெயரில் மட்டும் லில்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்களுக்குக் காசு தருவது விதைதான். அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகிறது. நன்றாகப் பராமரித்தால் ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ விதை எதிர்பார்க்கலாம். விலை ஏறி இறங்கும், அதனால் இந்த வருசமே பரப்பைக் கூட்ட வேண்டாம். காயின் தோல் சுருங்கி நிறம் மாறும்போது பறித்து நிழலில் உலர்த்துங்கள். தண்ணீர் மட்டும் தேங்கவே கூடாது, தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்தச் செடி முழுக்க விஷம். கிழங்கை வேறு கிழங்கென்று நினைத்துத் தின்று உயிர் போனதுண்டு. தோண்டிய கிழங்கைச் சமையல் கிழங்கு பக்கத்தில் வைக்காதீர்கள். வேலை செய்பவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. ஆடு மாடும் உள்ளே போகாமல் வேலி கட்டுங்கள்.

நாளைக் காலையில் நாலு வரிசையில் மட்டும் தொட்டுவிட்டு, அந்தப் பூக்காம்புகளில் நூல் கட்டி வையுங்கள். நூல் கட்டியதில் எத்தனை சூலகம் பருக்கிறது, கட்டாததில் எத்தனை என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.